முன்னிருக்கையின் சூடு

4 ஜனவரி 1982, திங்கள்

பனி. ஏழு மணி வரை எதிர்வரிசை வீடுகள் தெரியவில்லை. கல்லூரிக்குப் பத்தரைக்குப் போனால் போதும். காரைச் சோதிக்க நேரம் இருந்தது.

இருக்கையைச் சூடேற்றும் விசையை அழுத்தினேன். பக்கத்தில் சிவப்புப் பொட்டு விளக்கு எரிந்தது. பத்து நிமிடம் கழித்து இருக்கையில் உள்ளங்கையை வைத்தேன். ஒன்றுமில்லை. இருபது நிமிடம். ஒன்றுமில்லை. புது ரெக்ஸினின் வாடை மட்டும் கையில் ஒட்டிக்கொண்டது.

கோபத்தை ஒழுங்குபடுத்தி எழுதி வைப்பது நல்லது. இல்லாவிட்டால் வகுப்பில் வேறு யார் மேலாவது இறங்கும்.

கார் என் மனைவி மரகதத்தின் தம்பி சின்னுசாமியுடையது. திருச்செங்கோட்டில் ரிக் வண்டிகள் வைத்து ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு போடுகிறவன். ஏதோ ஆலைக்கு எந்திரம் பூட்ட வந்து வேலை முடிந்து ஊர் திரும்பிய ஒரு ஜெர்மானிய எஞ்சினியரிடம் வாங்கிய டீசல் கார். அவர்கள் நாட்டுக் குளிருக்காக முன்னிருக்கைகளுக்குள் மின்கம்பி ஓட்டிச் சூடேற்றும் ஏற்பாடு இருக்கிறது. ஓட்டுநர் பக்கம் அந்த ஜெர்மானியர் காலத்திலேயே செத்துவிட்டது. மற்றது மட்டும் உயிரோடிருந்தது. நாமக்கல்லில் இருக்கைக்குச் சூடு எதற்கு என்று எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நவம்பரில் மரகதத்தைச் சேலத்து டாக்டரிடம் அதில் அழைத்துப் போனேன். இடுப்பு நரம்பு, இரண்டு ஆண்டாகிறது. எதிலும் இருபது நிமிடத்துக்கு மேல் உட்கார முடியாது. பேருந்தை மறந்தாயிற்று. பின்னிருக்கையில் படுத்து வந்தால் ஒவ்வொரு குழியும் முதுகில் இறங்குகிறது. வெந்நீர்ப் பை ராசிபுரம் வருவதற்குள் ஆறிவிடும், நழுவியும் விடும். அன்று கைப்பையைத் தேடும்போது அவள் விரல் அந்த விசையில் பட்டிருக்கிறது. கொஞ்ச தூரம் போனதும், "ஏனுங்க, யாரோ கை வச்சுப் புடிச்சு உட்ட மாதிரி இருக்குதுங்க" என்றாள். போக ஒரு மணி, வர ஒரு மணி. ஒரு முனகல் இல்லை.

வரும் 24ஆம் தேதி மகள் வசந்திக்குக் குமாரபாளையத்தில், புகுந்த வீட்டில், கட்டுச்சோறு விருந்து. ஏழாம் மாதம். பெற்றவள் சோறு கட்டிக்கொண்டு போய், முதல் வளையலைப் போட்டு, பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்து வர வேண்டும். சாலை ஒன்றரை மணி நேரம். இருக்கை சுட்டால் மரகதம் போவாள். சுடாவிட்டால் கட்டிலில் கிடந்து, போய் வந்தவர்கள் சொல்லக் கேட்பாள்.

டிசம்பர் நடுவில் சின்னுசாமி காரை ஓட்டிக்கொண்டு போனான். சங்ககிரியில் லாரிக்குச் சீட் வேலை செய்பவனிடம் கொடுத்து, முன்னிருக்கை இரண்டுக்கும் புது மெத்தை, புது உறை. இரத்தச் சிவப்பு. "அக்கா மெத்துனு உக்காந்து போகோணும்" என்றான். அக்காளுக்கு அன்பளிப்பு. விருந்து முடியும் வரை கார் இங்கேயே நிற்கட்டும் என்றும் சொன்னான். அன்று முதல் இருக்கை சவம்.

மாலை: இரண்டாமாண்டு விடைத்தாள் 46. திருத்தியது 9.

6 ஜனவரி, புதன்

பனி குறைவு. பால் திரிந்துவிட்டது. மரகதத்தை இரவு மூன்று முறை புரட்டிப் படுக்க வைத்தேன்.

காலை: ஃபியூஸ் பெட்டியைத் திறந்தேன். எல்லா ஃபியூஸும் முறையாக. இருக்கைக்கு உரியது மட்டும் செம்பு நிறத்தில் மினுங்கியது. கழற்றிப் பார்த்தால், கண்ணாடிக் குழாய்க்கு மேலே செம்புக் கம்பி நாலு சுற்று.

மதியம் சின்னுசாமி வந்தான். கையில் ஒரு தார் பூவன்பழம். அக்காளைப் பார்த்தான், காப்பி குடித்தான், பிறகு நான் காட்டியதைப் பார்த்தான்.

"அதுங்களா மச்சான், புதுச் சீட்டு போட்டு வந்த அன்னிக்கே ஃபியூஸ் போயிருச்சுங்க. மாத்துனா அதும் போயிருச்சு. நம்ம ரிக் வண்டிப் பசங்க கம்பியச் சுத்தி உட்டானுங்க. அப்புறமேட்டுக்குப் போகவே இல்லீங்க."

"போகவில்லை. சரி. எதற்காக முதலில் போயிற்று என்று யாராவது யோசித்தார்களா?"

"ரிக்ல இதெல்லாம் யோசிச்சா தண்ணி எப்பங்க வாரது?"

சிரித்தான். நான் சிரிக்கவில்லை. ஃபியூஸ் என்பது ஒரு கேள்வி. கேள்வி கேட்பவன் வாயில் கம்பியைச் சுற்றி வைத்துவிட்டு, இனிக் கேள்வி இல்லை என்கிறார்கள். இதை அவனிடம் சொல்லவில்லை. இன்னொரு பழம் உரித்து நீட்டினான். வாங்கிக்கொண்டேன்.

செம்பை நீக்கினேன். சரியான ஃபியூஸ் போட்டேன். போகவில்லை, சூடும் இல்லை. ஆக, கம்பி எங்கோ அறுந்திருக்கிறது. முதலில் எதன்மீதோ உரசிப் பின் எரிந்து அறுந்திருக்க வேண்டும்.

ம. கேட்டுக்கொண்டாள்: "அவன வைய்யாதீங்க. ஆசையாத்தான செஞ்சான்."

வையவில்லை.

9 ஜனவரி, சனி

காலை ஏழுக்குக் கிளம்பி சங்ககிரி. மலைக்கோட்டையின் பாதியை மேகம் தின்றிருந்தது. நெடுஞ்சாலை ஓரம் மைல் கணக்கில் லாரிகள். டயர் கழற்றியவை, கூண்டு கழற்றியவை, முகமே இல்லாதவை. சீட் வேலை அர்த்தநாரியின் கொட்டகை ஒரு பஞ்சர்க் கடைக்குப் பின்னால். வயது நாற்பது இருக்கலாம். வாயில் மூன்று ஊசி, பேசும்போதும் எடுப்பதில்லை.

"வாங்க சார். சீட்டு எப்படிங்க? சிங்காசனம் மாதிரி இல்லீங்க?"

பிரிக்க வேண்டும் என்றேன். முகம் சுருங்கிவிட்டது. "நல்லாருக்கிற சீட்டப் பிரிக்கறதுங்களா? நார் ஒண்ணுக்கு ரெண்டா வச்சுத் தச்சதுங்க. பத்து வருசத்துக்கு எந்திரிக்காது."

பிரித்தான். உறைக்குக் கீழே இரண்டு அங்குலக் கயிற்று நார். அதற்குக் கீழே ஜெர்மானியர்களின் மெல்லிய துணி. அதில் நெளிநெளியாகக் கம்பி. சிவப்பு உறையின் மேல் அழகுக்காகப் பதினொரு பொத்தான்கள். ஒவ்வொரு பொத்தானையும் ஒரு முழ ஊசியால், உறை, நார், துணி, கம்பி எல்லாவற்றையும் துளைத்து, அடியிலுள்ள சுருள்வில்லோடு சணல் போட்டு இழுத்துக் கட்டியிருக்கிறான். லாரி ஓட்டுநரின் இருக்கைக்கு அப்படித்தான் கட்டுவார்களாம்; குழியில் குதித்தாலும் மெத்தை நகராது.

இரண்டு இடத்தில் கம்பி அறுந்திருந்தது. ஓரிடத்தில் சுருள்வில்லைத் தொட்டு எரிந்து, ஒரு ரூபாய் அளவுக்கு நார் கருகியிருந்தது. அதன்மேல் உட்கார்ந்துதான் என் மனைவி டிசம்பர் இருபதாம் தேதி கோயிலுக்குப் போனாள்.

"இந்தக் கம்பியைப் பார்க்கவில்லையா?"

"பாத்தேனுங்களே."

"பிறகு?"

"சீமைல எலி சாஸ்தியாமுங்க. எலி கடிச்சுப் பஞ்சத் திங்காம இருக்கக் கம்பி போட்டிருப்பான்னு நெனச்சேன். நம்ம லாரிங்களுக்கும் இப்படிப் போட்டா நல்லாருக்குமேன்னு என்ற மச்சினங்கிட்டச் சொல்லீட்டுக்கூட இருந்தேன்."

அவன் பொய் சொல்லவில்லை. சங்ககிரிச் சரக்கு லாரிகளில் இருக்கையைத் தின்பது எலிதான். அவன் அறிந்த உலகத்தில் அது முழுச் சரியான ஊகம். அதுதான் என்னை இன்னும் எரிச்சலூட்டியது: கத்துவதற்கு ஒரு முட்டாள்கூடக் கிடைக்கவில்லை.

சூடு பற்றிச் சொன்னேன். ஊசிகளை வாயிலிருந்து எடுத்தான். "நம்மூர்லயுங்களா?" என்றான். பிறகு எதற்கென்று சொன்னேன். "முன்னாலயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பொத்தான ஓரத்துல வச்சிருப்பேனுங்க" என்றான்.

ஆம். ஒரு வார்த்தை. சின்னுசாமிக்கும் அர்த்தநாரிக்கும் இடையில் யாரும் சொல்லாத வார்த்தை.

பிரித்த இருக்கையைப் பின்னால் போட்டுக்கொண்டு வந்தேன். எதிர்வெயில். முதுகு எனக்கும் வலிக்கிறது. அதை யாரிடமும் சொல்வதற்கில்லை.

11 ஜனவரி, திங்கள்

கல்லூரிச் சோதனைக்கூடத்திலிருந்து மல்டிமீட்டர் எடுத்து வந்தேன். உதவியாளர் முனியப்பன் பதிவேட்டை நீட்டினார். "எதுக்குன்னு எழுதோணுமுங்க சார்." எழுதினேன்: 'மின்தடை அளக்க'. "அது எல்லாருந்தான் எழுதுவாங்க" என்றார்.

கம்பியை ஈயம் வைத்து ஒட்டினால் இணைப்பு விறைத்து, உட்கார்ந்து எழும்போது முறியும். இணைக்க மெல்லிய குழாய் வேண்டும். மேசை இழுப்பறையில் தீர்ந்துபோன பால்பேனா ரீஃபில்கள், பித்தளை. கால் அங்குலம் கால் அங்குலமாக அறுத்து, மையைக் கழுவி, இரு முனையையும் உள்ளே விட்டுக் குறட்டால் நெரித்தேன். மேலே கண்ணாடி நூல் உறை. மூன்று மணி நேரம். கண் எரிகிறது.

அளவு: 2.4 ஓம். பன்னிரண்டு வோல்ட்டுக்கு ஐந்து ஆம்பியர், அறுபது வாட். ஒரு மனித உடம்பு சும்மா இருக்கும்போது விடும் சூட்டில் பாதிக்குச் சற்று மேல். அவ்வளவுதான் அவளுக்குத் தேவைப்பட்டது.

கையால் தொட்டுப் பார்த்தேன். சுட்டது.

ஒரு நாழிகை சந்தோஷமாக இருந்தேன் என்று எழுதி வைக்கலாம்.

12 ஜனவரி, செவ்வாய்

அர்த்தநாரியே பேருந்தில் வந்துவிட்டான், உறையைத் தைத்துப் போட. கூலி நீட்டியதற்குக் காப்பி மட்டும் போதும் என்றான். பொத்தான் இல்லை. ஓரத்தில் மட்டும் தையல். நாரை மறுபடி வைத்தான். அதில்லாவிட்டால் உறை தொளதொளவென்று நிற்கும் என்றான். சரியென்றேன். அது என் பிழை.

மாலை மரகதத்தைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போய் உட்கார வைத்தேன். வீட்டு முன்னாலேயே, எஞ்சினை ஓடவிட்டு.

"சுடுதா?"

"சுடற மாதிரிதான் இருக்குது."

"மாதிரியா?"

"ஒரு வூடு தள்ளி அடுப்பெரியற மாதிரி."

இருபத்திரண்டு நிமிடம். பிறகு அவள் முகம் அந்த வெளிறிய நிறத்துக்குப் போயிற்று. இறக்கினேன்.

கம்பிக்கு மேல் இரண்டு அங்குல நார். சூடு மேலே வர வழியில்லை, உள்ளேயே தேங்குகிறது. துணியோடு தைத்திருக்கும் வெப்பக் கட்டுப்பாட்டு வில்லை சூடு போதும் என்று தானே முடிவு செய்து மின்சாரத்தைத் துண்டித்துவிடுகிறது. அது பொய் சொல்லவில்லை. அதற்கு எட்டிய வரையில் எல்லாம் போதுமான சூடாக இருக்கிறது. மேலே உட்கார்ந்திருப்பவளை அது கேட்பதில்லை.

விடைத்தாள்: 21 மீதி.

15 ஜனவரி, வெள்ளி

மாட்டுப் பொங்கல். சின்னுசாமி குடும்பத்தோடு வந்தான். அவன் மனைவி சரோஜா அடுப்படிக்குப் போய்விட்டாள்; நான் சொல்லாமலே கஞ்சி வடித்தாள். ம. கட்டிலில், கூடத்தில். எல்லாம் அவள் காதில் விழும்படிதான் பேசினான்.

"மச்சான், ஒரு முடிவு பண்ணீட்டேனுங்க. அக்காளால ஆவாது. சரோசா போயி வளையல் போட்டு, புள்ளயக் கூட்டியாரட்டும். சம்பந்தி ஊட்டுக்கும் போன வாரமே சொல்லி உட்டுட்டேன்."

"யாரைக் கேட்டு, மாப்பிள்ளை?"

"கேக்கறதுக்கு என்னங்க இருக்குது? நான் தாய்மாமன். என்ற பொண்டாட்டி போட்டா ஆவாதுங்களா? பாதி வழில அக்கா அழுதுட்டு நின்னா, அத்தன சனத்துக்கு முன்னால, நல்லாவா இருக்கும்?"

கட்டிலிலிருந்து குரல்: "நான் அழுதா உனக்கென்னடா சின்னு? கண்ணு என்னோடது."

"அதுக்கில்லீக்கா…"

"வேற எதுக்கு?"

சின்னுசாமி என் பக்கம் திரும்பினான். கார் இருக்கையைப் பற்றிச் சொன்னேன்: நாரை எடுக்கப் போகிறேன் என்று. முகம் விழுந்துவிட்டது. "ஆசையாப் போட்டதுங்க மச்சான்" என்றான்.

தெரியும். ஆசையாகச் செய்த ஒன்றை எதிர்த்து வாதாட முடியாது. அதற்குத்தான் ஆசையாகச் செய்கிறார்கள். நான் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவனுக்கு வசதியாக இருந்திருக்கும். கோபித்துக்கொண்டு எழுந்து போயிருப்பான். மெதுவாகச் சொன்னேன்: "சம்பந்தி வீட்டுக்குச் சொன்னதை நீயே போய் மாற்றிச் சொல்லிவிடு. வளையல் போடப் போவது உன் அக்காள்."

"வர முடியலீன்னா?"

"அப்போது நான் சொல்கிறேன்."

சாப்பிட்டார்கள். போனார்கள். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு கட்டில் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். அவனும் இரண்டு ஆண்டாக இவள் கட்டிலருகே வந்து வந்து நிற்பவன்தான். இதையும் எழுதி வைக்கிறேன், நியாயத்துக்காக. கோபம் குறையவில்லை.

17 ஜனவரி, ஞாயிறு

வெயில் சுள்ளென்று. சவரக் கத்தியால் சிவப்பு உறையின் ஓரத் தையலைப் பிரித்தேன். நாரை உருவி எடுத்தேன். கைகால் எல்லாம் நார்த் தூசு, அரிப்பு. கம்பித் துணியின் மேல் பழைய போர்வையை ஒரே மடிப்பாக வைத்து, உறையை இழுத்துக் கோணி ஊசியால் தைத்தேன். என் தையல் கேவலமாக இருக்கிறது. சின்னுசாமியின் சிங்காசனம் இப்போது வற்றிப்போன ஏதோ ஒரு பிராணி மாதிரி.

தொட்டால் ஆறு நிமிடத்தில் சுட்டது. நன்றாக.

மாலை நான்குக்கு மோகனூர் சாலையில் சோதனை. ம. அமர்ந்தாள். முதல் பத்து நிமிடம்: "இதுதானுங்க! அன்னிக்கு இருந்த சூடு!" பத்து நிமிடம் கழித்து ஒன்றும் சொல்லவில்லை. பதினைந்தில் கேட்டேன்.

"ஆறிப் போச்சுங்க."

"நிஜமாகவா?"

"என்ற ஒடம்பு எனக்குத் தெரியாதுங்களா?"

ஓரமாக நிறுத்தினேன். கரும்பு லாரி ஒன்று கடந்தது. மேலிருந்த ஆள், "என்னங்க, டீசல் தீந்துருச்சா?" என்று கத்தினான். இல்லை என்று கையை ஆட்டினேன். விசையில் விளக்கு எரிகிறது. சூடு இல்லை. சிறிது நேரத்தில் தானே வருகிறது. பிறகு போகிறது. திரும்பி வந்தோம்.

இன்னும் ஏழு நாள்.

18, 19 ஜனவரி

மின்கல முனைகளைச் சுரண்டித் துடைத்தேன். இருக்கைக்குக் கீழே உள்ள இணைப்பியைக் கழற்றித் துடைத்துப் பூட்டினேன். இணைப்பில் வோல்ட்: 11.8. குறையில்லை. பித்தளை இணைப்புகள்: குறையில்லை. வெப்பக் கட்டுப்பாட்டு வில்லை மட்டும் பழுதோ? அதைக் கடந்து நேராக மின்சாரம் கொடுத்துவிடலாம். ரிக் வண்டிப் பசங்கள் செய்வார்கள். அவள் கீழே தீப்பிடித்தால்? செய்ய மாட்டேன்.

வகுப்பில் வெப்பக் கடத்தல். காப்புப் பொருள்கள். கரும்பலகையில் படம் வரைந்து, கம்பளி தன்னளவில் சூடல்ல, சூட்டை வெளியே விடாதது என்று விளக்கினேன். முன் வரிசையில் ஒருவன் கொட்டாவி. வெளியே போகச் சொன்னேன். தேவையற்றது.

20 ஜனவரி, புதன்

காலை மறுபடி காரில் உட்கார வைத்தேன். பத்து நிமிடத்தில் ஆறிற்று. மீட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு கதவருகே மண்டி போட்டிருந்தேன். ம. என் தலைக்கு மேலே எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"ஏனுங்க, இந்தத் துண்ட எடுத்துப் போட்டுட்டு உக்காந்து பாக்கட்டுங்களா?"

டர்க்கி டவல். வெள்ளை. நான்காக மடித்தது. பன்னிரண்டாம் தேதியன்று அவள் வீட்டு முன்னால் உட்கார்ந்தபோது அது இல்லை. பதினேழாம் தேதி, கோணலாய் நான் தைத்த தையல் அவள் காலில் குத்துமே என்று நானே, பீரோவைத் திறந்து, விருந்தாளிகளுக்கென்று வைத்திருந்ததை எடுத்து, நானே மடித்து, நானே விரித்தது. எந்த அதிகாரியின் நாற்காலியிலும், எந்த மாப்பிள்ளை காரிலும் நாம் விரிப்பது போல. மரியாதைக்கு. நான்கு மடிப்பு. கயிற்று நாருக்குச் சற்றும் குறையாத காப்பு. நேற்றுக் கரும்பலகையில் அதைத்தான் வரைந்தேன்.

இருபத்தாறு ஆண்டுகளாக இயற்பியல் கற்பிக்கிறேன்.

எடுத்தாள். உட்கார்ந்தாள். சூடு நின்றது. முப்பது நிமிடம் மீட்டரைப் பார்த்தேன். இடையில் ஒருமுறை மட்டும் அணைந்து, உடனே வந்தது.

"முதல் நாளே தெரியுமா உனக்கு?"

"சந்தேகமாத்தான் இருந்துச்சு."

"சொல்லியிருக்கலாமே."

"எங்கிட்ட ஆருங்க கேட்டா? அவன் நார வச்சான். நீங்க நார எடுத்தீங்க. அவன் பொத்தான் வச்சான், நீங்க துண்டு வச்சீங்க. உக்காரறவகிட்ட ரெண்டு பேரும் ஒரு வார்த்தை கேக்கலீங்க."

டவலை உள்ளே கொண்டுபோய் வைத்தேன். பீரோக் கதவு சரியாகச் சாத்தவில்லை; மூன்று முறை அறைந்தேன்.

23 ஜனவரி, சனி

ஏற்பாடு: புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, எலுமிச்சை, தக்காளி, எள், தயிர், சர்க்கரைப் பொங்கல். ஏழு. வளையல் பெட்டி, கண்ணாடி ஐந்து டஜன், வேப்பிலைக் காப்பு தனியாக. பூ காலையில் வரும். சோற்றுக் குண்டாக்கள் சின்னுசாமியின் வேனில், பின்னால்.

சரோஜா மதியமே வந்து புளி கரைத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் குடிக்கப் போனபோது தலை நிமிராமல் சொன்னாள்:

"அண்ணா, நான் வளையல் போடமாட்டேன்னு அன்னிக்கு ராத்திரியே அவருகிட்டச் சொல்லீட்டேனுங்க. பெத்தவ, நங்கையா இருக்கையில நான் போயி மொத வளையல் போட்டா, நாளைக்கு வசந்தி என் மொகத்தப் பாக்குமுங்களா?"

"அவன் என்ன சொன்னான், அம்மிணி?"

"ரெண்டு நாள் பேசல. அப்பறம் குமாரபாளையம் போயி மாத்திச் சொல்லீட்டு வந்துட்டாருங்க. உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னாரு."

கேட்டுக்கொண்டேன். எட்டு நாளாக அவனிடம் நான் பேசவில்லை.

டீசல் நிரப்பியாயிற்று. டயர் காற்று. கண்ணாடி துடைத்தேன். ம. புடவையை இரண்டு முறை மாற்றினாள். பச்சை என்று முடிவாயிற்று.

24 ஜனவரி, ஞாயிறு. குமாரபாளையம்

பிற்பகல். ம. உள்ளே கட்டிலில் கிடக்கிறாள், சுற்றிப் பெண்கள். சம்பந்தி வீட்டு முன்னறை நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். வெளியே பந்தி மூன்றாம் வரிசை. திரும்பிப் போகும் வழி இன்னும் பாக்கி.

காலை 7.05 புறப்பாடு. லேசான பனி. விசையைப் புறப்படுவதற்கு முன்பே போட்டுவிட்டேன்.

திருச்செங்கோடு 7.50. நன்றாக இருந்தாள். மலையைப் பார்த்துக் கும்பிட்டாள். "இன்னிக்கு அங்க போயி நானே எறங்குவேன் பாருங்க" என்றாள்.

சங்ககிரியை நெருங்கும்போது பேச்சு நின்றது. இருக்கையைத் தொட்டுப் பார்த்தேன். சூடு சரியாக இருந்தது. எல்லாம் சரியாகவே வேலை செய்தது. அப்படியும் முகம் வெளிறியது.

"நிறுத்தட்டுமா?"

"நிறுத்துனா மறுபடி உக்கார மாட்டேனுங்க. ஓட்டுங்க."

ஓட்டினேன். கதவுக் கைப்பிடியை அவள் பிடித்திருந்த விதத்தை இங்கே எழுத விருப்பமில்லை. அழவில்லை.

8.45 குமாரபாளையம். தெருவெல்லாம் தறிச் சத்தம். சம்பந்தியின் கொட்டகையில் மட்டும் விருந்துக்காக நிறுத்தியிருந்தார்கள். வாழைமரம், பந்தல், உள்ளே அலங்கரித்த நாற்காலி. நாற்பது ஐம்பது பேர். கதவைத் திறந்தேன். ம. காலைத் தூக்கப் பார்த்தாள். கால் வரவில்லை. இன்னொரு முறை. வரவில்லை. என் தோளைப் பிடித்தாள், பிடி இறுகியது, விட்டாள்.

"ஒரு அஞ்சு நிமிசம்" என்றாள். ஐந்து போயிற்று. பத்தும் போயிற்று. நல்ல நேரம் முடிய முக்கால் மணிதான் என்று யாரோ சொன்னார்கள்.

சம்பந்தியின் அண்ணன் வந்தார். மரியாதையானவர். "ஏனுங்க, அம்மாவுக்கு முடியலீன்னா தம்பி சம்சாரம் இருக்காங்களே, அவங்களே…" என்றார். சரோஜா நாலடி பின்னால் போய், குண்டாவின் மூடியைச் சரிசெய்யத் தொடங்கினாள். சின்னுசாமி தரையைப் பார்த்தான்.

நான் பேச வாயெடுத்தேன். என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை; இருபது நாள் சேர்ந்தது அது.

அதற்குள் வசந்தி வந்துவிட்டாள். கனத்த பட்டு, ஈரத் தலை, மெதுவான நடை. யார் நிறுத்தியும் நிற்கவில்லை. காருக்குள் எட்டி அம்மாவைப் பார்த்தாள். பிறகு என்னை.

"அப்பா, உங்க சீட்டுல நான் உக்காரறேன்."

சுற்றிப் போனேன். ஓட்டுநர் இருக்கையைக் கடைசிப் பல் வரை பின்னுக்குத் தள்ளினேன். அவள் பக்கவாட்டில் அமர்ந்து, ஸ்டீயரிங்குக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒரு கையை நுழைத்து, அம்மாவிடம் நீட்டினாள்.

"வாசலுக்கு வெளியவா? கார்லயா செய்யறது?" என்றது ஒரு குரல்.

"பொண்ணு எங்க உக்காருதோ அதானுங்க மணை" என்றாள் சரோஜா, குண்டாவிலிருந்து தலை நிமிராமல்.

தட்டு வந்தது. சந்தனம் வந்தது. ம. வேப்பிலைக் காப்பை எடுத்தாள். "கைய ஒடுக்கிக் குடு சாமி" என்றாள். குரல் சாதாரணமாக இருந்தது. அந்த இருக்கையை விட்டு நகராதவரை அவளுக்கு வலி பொறுக்கக்கூடியதாக இருந்தது; அவ்வளவுதான், அதற்கு மேல் இல்லை. ஒவ்வொரு வளையலாக. பெண்கள் காரின் இரு கதவிலும் மொய்த்துக்கொண்டார்கள். ஒரு கிழவி பின்னிருக்கையிலேயே ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. டீசல், கடகடவென்று, புகையோடு. சம்பந்தியின் அண்ணன் மறுபடி என்னிடம் வந்தார்.

"சம்பந்தி, உங்களுக்காகத் தறியெல்லாம் நிறுத்தியிருக்குதுங்க. இந்த எஞ்சினையும் நிறுத்துனா ஒரு பாட்டாச்சும் காதுல உழுகும்."

"முடியாது."

"நிறுத்துனா மறுபடி கிளம்பாதுங்களா?"

"கிளம்பும்."

"அப்பறம் ஏனுங்க?"

அவரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். போய்விட்டார். காரின் பின்னால் சின்னுசாமி நின்று, ஒரு வெறும் தாம்பாளத்தை இரு கையிலும் பிடித்து, புகை பெண்கள் பக்கம் வராமல் தெருவுக்கு விசிறிக்கொண்டிருந்தான். வேர்த்திருந்தது. என்னைப் பார்த்தான். நிறுத்தச் சொல்லவில்லை.

முப்பத்தெட்டு நிமிடம்.

சாவியைத் திருப்பி எஞ்சினை மட்டும் நிறுத்தியிருக்கலாம். இருக்கை சுடுவதற்கு எஞ்சின் தேவையில்லை. ஐந்து ஆம்பியர்தான், அந்த பேட்டரி மூன்று மணி நேரமாவது தாங்கும். எனக்குத் தெரியும். எழுதி ஒழுங்குபடுத்திய கோபம் கடைசியில் அங்கே இறங்கிற்று. நிறுத்தவில்லை.